மேற்படி

அணைந்து மறுபடி கிளம்பிவரப் பதினோரு நிமிடம் ஆகும் என்று புது நெட்வொர்க் ஸ்விட்சின் புத்தகத்தில் போட்டிருந்தது. ஆஸ்பத்திரியின் நெட்வொர்க்கைக் கவனிக்கும் தனிஸ்லாஸ் லேப்டாப்பில் ஆணையைத் தட்டி எண்டரை அழுத்தியபோது மணி இரண்டு முப்பத்தேழு, அதோடு பதினொன்று சேர்த்தால் இரண்டு நாற்பத்தெட்டு, மூன்று மணிக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம் மிச்சம், போதும், தாராளம் என்று மனசு கூட்டிக் கழித்து முடிப்பதற்குள் ஸ்விட்சின் விளக்குகள் ஒட்டுமொத்தமாக அணைந்தன, உள்ளிருக்கும் காற்றாடிகள் மட்டும் முழு வேகத்தில் ஊளையிட ஆரம்பித்தன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே திருச்சி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும், இந்த சர்வர் ரூமுக்குள் பதினெட்டு டிகிரி, அவனுக்கோ முதுகு வேர்த்து விரல் நுனி சில்லிட்டிருந்தது. ஆஸ்பத்திரியின் முன்கட்டடத்தில், சலவைத் துணி அடுக்கும் அறைக்குப் பக்கத்தில் இருக்கிறது இந்த அறை. இங்கிருந்து நான்கு ஃபைபர் கேபிள்கள் நான்கு இடங்களுக்கு ஓடுகின்றன. மருந்தகம், லேப், ஸ்கேன், நான்காவது பின்கட்டடத்தில் இருக்கும் ஐசியூ. அங்கே ஒன்பது கண்ணாடி அறை, ஒன்பது படுக்கை, ஒன்பது பேருடைய நாடியும் மூச்சும் அந்த நான்காவது கேபிள் வழியாக இங்கே வந்து, திரும்பிப் போய், நர்சுகளின் மேஜைக்கு மேல் இருக்கும் பெரிய திரையில் விழும். கேபிள் செத்தால் திரை கறுப்பு. படுக்கைக்குப் பக்கத்திலிருக்கும் மிஷின் தன்பாட்டுக்குக் கத்தும்தான், ஆனால் மூடின கண்ணாடிக் கதவைத் தாண்டி மேஜைவரைக்கும் அது கேட்காது. அதனால் ஒன்று முதல் மூன்று மணிவரை படுக்கைக்கு ஓர் ஆள் என்று ஏற்பாடு. டியூட்டியில் இருப்பது ஐந்து பேர், காலை ஷிப்ட் முடித்த நான்கு பெண்களை வீட்டுக்கு விடாமல் நிறுத்திவைத்திருந்தார் ஐசியூ பொறுப்பிலிருக்கும் திலகவதி சிஸ்டர். மூன்று மணிக்கு அந்த நான்கு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், நான்கு படுக்கைக்கு ஆள் இருக்காது. "மூணு மணிக்குள்ள வந்துடுமா சார்?" என்று அந்தம்மா கேட்டதற்கு, "வந்துடும் சிஸ்டர், பக்கா" என்றிருந்தான். பக்காவாம். யாராவது அவனைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால் போதும், அந்தச் சொல் தானாக வாயில் வந்து உட்கார்ந்துகொள்ளும், உள்ளே இருக்கிறவன் அப்போது எங்கே போய் ஒளிந்துகொண்டிருப்பான் என்று யாருக்கும் தெரியாது.

எல்லாம் அந்த ஒரு சொல்லால் வந்தது. பக்கா அல்ல, இன்னொன்று. இந்த ஆஸ்பத்திரியில் பதிவேடுகளைத் தமிழில்தான் எழுத வேண்டும், ஆரம்பித்த பெரிய டாக்டர் போட்ட சட்டம், அவர் போய்ப் பல வருஷமாகியும் ஒருவரும் மாற்றத் துணியவில்லை. ஆகவே இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, புது ஸ்விட்சுக்கு எந்தெந்த மாட்யூல் வாங்க வேண்டும் என்று கணக்கெடுக்க அவன் நீளமான நோட்டைத் தூக்கிக்கொண்டு இதே இடத்தில்தான் நின்றான். மாட்யூல் என்பது கட்டைவிரல் பருமனுக்கு ஓர் உலோகத் துண்டு, ஸ்விட்சின் துளையில் செருகினால் கேபிளில் வெளிச்சத்தை அனுப்பும், வாங்கும். அதன் நம்பர் அதன் முதுகில் ஒட்டியிருக்கும், உருவினால்தான் தெரியும், உருவி எடுத்து நம்பரைப் படித்துத் திரும்பச் செருக ஐந்து விநாடி ஆகும். முதலாவதை உருவினான், எழுதினான். மருந்தகம் ஐந்து விநாடி இணைப்பு இல்லாமல் பிழைத்துக்கொண்டது. இரண்டாவது, மேற்படி. உருவித்தான் பார்த்தான், அதே நம்பர்தான், அதனால் மேற்படி என்று எழுதினான். மூன்றாவது, மேற்படி. அதையும் பார்த்தான், சத்தியமாகப் பார்த்தான். நான்காவதுக்குக் கை போனது. கொடிபோலப் பின்னிக் கிடந்த கேபிள்களை விலக்கினால்தான் அந்தத் துளையே கண்ணுக்குத் தெரியும், விலக்கும்போது ஆடிவிட்டால், ஐந்து விநாடி ஆறாகிவிட்டால், திரும்பச் செருகும்போது பிடிக்காமல் போய்விட்டால், அந்த நேரம் பார்த்து ஒன்பதில் ஒருவருக்கு, யாரோ ஒரு வீட்டு மனுஷருக்கு... விரல் அந்தரத்தில் நின்றது. பிறகு நோட்டுக்குத் திரும்பி வந்து, அழகான கையெழுத்தில், மேற்படி என்று எழுதியது. திலகவதி சிஸ்டருக்கு ஒரு போன் போட்டு, அஞ்சு நிமிஷம் ஆள் நிறுத்துங்க சிஸ்டர் என்று சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். அதைச் சொல்லவும் பயம். நோட்டைப் பார்த்துப் புது ஸ்விட்ச் கம்பெனிக்காரர்கள் டைப் அடித்தபோது மேற்படி எல்லாம் நம்பராக மாறிவிட்டது, நான்கு வரி, நான்கும் ஒன்றே, அடியில் சரிபார்த்தவர் என்று தனிஸ்லாஸின் பெயர்.

இன்றைக்கு ஒன்று ஐம்பதுக்கு அந்த நான்காவதை உருவினான். பழைய ஸ்விட்சைக் கழற்றித் தரையில் கிடத்தியாகிவிட்டது, புதியது ஏறிவிட்டது, மூன்று கேபிள் மூன்று பச்சை விளக்கு, கையைத் தட்டிக்கொள்ளாத குறை. நான்காவது கேபிளைக் கையில் எடுத்தால் ஒற்றையாக வந்தது. மற்றதெல்லாம் போக ஒன்று, வர ஒன்று என்று ஜோடியாக இருக்க, இது மட்டும் ஒண்டியாக. புது மாட்யூலில் இரண்டு துளை, கையில் ஒரே ஒரு முனை. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், இன்னொன்று எங்கேயாவது மடிந்து கிடக்கிறதா என்று பின்னல் முழுக்கத் தேடினான், கிடைக்காது என்று தெரிந்த பிறகும் தேடினான். அவனுக்கு முன்னால் இந்த வேலையிலிருந்தவர் எப்போதோ, சாக்கடைக்குத் தோண்டின மிஷின் ஒரு இழையை அறுத்துவிட்ட சமயத்தில், மிஞ்சின ஒற்றை இழையிலேயே போகவும் வரவும் வைக்கிற வேறு ஜாதி மாட்யூலைச் செருகிவிட்டுப் போயிருக்கிறார். ஒரு வரி எழுதிவைக்கவில்லை புண்ணியவான். பழைய மாட்யூலையே எடுத்துப் புது ஸ்விட்சில் செருகினான். ஸ்விட்ச் அதன் பெயரைக் கேட்டது, அது பழைய ஸ்விட்ச் கம்பெனியின் பெயரைச் சொன்னது, நம்ம ஆள் இல்லை என்று ஸ்விட்ச் வாயிலை மூடிக்கொண்டது. சென்னையிலிருக்கிற கம்பெனி இன்ஜினியர் அஸ்வத்தை போனில் பிடித்தான். "அப்ரூவ் ஆகாத மாட்யூலையும் ஏத்துக்கோன்னு ஒரு கமாண்ட் இருக்கு சார், போட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. வேலை செய்யலாம். ஆனா நிக்கும்னு என்னால கேரண்டி தர முடியாது, சில சமயம் திடீர்னு கனெக்ஷன தூக்கிப் போட்டுடும்" என்றான் அந்தப் பையன், பின்னால் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. "ஷீட்ல நாலும் ஒரே மாதிரின்னு போட்டிருந்தீங்களே சார்?" "அது... ஆமா" என்றான் தனிஸ்லாஸ். பழைய ஸ்விட்சையே திரும்ப மாட்டிவிடலாம், ஆனால் மணி இரண்டரை ஆகிவிட்டிருந்தது, நாற்பது நிமிடம் ஆகும், மூன்று மணி தாண்டும், ஏன் தாண்டுகிறது என்று சொல்ல வேண்டும். சொல்ல வேண்டும் என்பதை நினைத்ததும் கை தானாக லேப்டாப் பக்கம் போய்விட்டது.

இரண்டு நாற்பது. ஸ்விட்சில் ஒரே ஒரு ஆரஞ்சு விளக்கு கண் சிமிட்டியது. இது வராமலே போய்விட்டால்? நன்றாக ஓடிக்கொண்டிருந்த மூன்றையும் சேர்த்தல்லவா அணைத்திருக்கிறான், வந்தால் நாலு, வராவிட்டால் மூன்றும் போச்சு, இதைக்கூட எண்டரை அழுத்தின பிறகுதான் நினைக்கத் தோன்றுகிறது. இடது கண்ணில் ஒரு சின்னக் கறை மிதந்தது. கண்ணை மூடினான், கறை உள்ளேயும் இருந்தது. சற்று முன்னால், அந்த ஒற்றை முனையில் வெளிச்சம் வருகிறதா என்று கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தானா? பார்த்தான். பார்க்கவில்லை. அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாத ஜாதி, தெரியாமலே சுடும், முனைக்குள் மட்டும் பார்த்துடாதீங்க என்று இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லிவருகிறவன் அவன்தான். போன் கேமராவில் பிடித்துப் பார்த்ததாக ஞாபகம், ஆனால் கேமராவைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு நொடி, பழக்க தோஷத்தில், ஊசிக் காதைப் பார்ப்பதுபோல... இடது கண்ணை மூடி வலதால் பார்த்தான், ஆரஞ்சு. வலதை மூடி இடதால் பார்த்தான், ஆரஞ்சு, கொஞ்சம் மங்கலோ? வீட்டில் அவன் மனைவி மரிய புஷ்பம் இதற்கெல்லாம் ஒரு சிரிப்பு வைத்திருக்கிறாள். ஊருக்குக் கிளம்பி ஆட்டோவில் ஏறிய பிறகு காஸை மூடினோமா என்று இறங்கி ஓடுவான், திரும்பி வந்து ஏறினால், "சிலிண்டர் நல்லாருக்கா? என்னைய விசாரிச்சுதா?" என்பாள். பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பான், நாலாவது முறை இழுத்ததால் பூட்டு தளர்ந்திருக்குமோ என்று பயப்படுவான். இத்தனை தரம் சரிபார்க்கிறவன் சரிபார்க்க வேண்டிய ஒன்றை விட்டுவிட்டான், அதுவும் பயத்தால். பயந்தால் கவனம் வரும் என்று இவ்வளவு நாளும் தனக்குள்ளே ஒரு பெருமை வைத்திருந்தான், கண்றாவி.

ஐசியூ பக்கம் அவன் போகவே மாட்டான். பின்கட்டடத்தில் ஏதாவது கோளாறு என்றால் வராந்தாவிலிருக்கும் பெட்டிவரைக்கும் போவான், கண்ணாடிக் கதவுக்குள் தலையை நீட்ட மாட்டான், கேட்டால் இன்ஃபெக்ஷன் என்பான். அது இன்ஃபெக்ஷன் அல்ல, எண்பத்தெட்டு. அப்பா பெரியாஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தபோது தலைமாட்டில் ஒரு மிஷின் இருந்தது, அதில் நீல நிறத்தில் ஒரு எண், ரத்தத்திலிருக்கும் ஆக்சிஜன் அளவு, தொண்ணூற்று நாலு, தொண்ணூற்று ஒன்று, எண்பத்தெட்டு. மூன்று நாளும் அவன் அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அது ஏறினால் மூச்சு விட்டான், இறங்கினால் நர்சைத் தேடி ஓடினான். மூன்றாம் நாள் சாயங்காலம் அப்பா வாயிலிருந்த மாஸ்க்கை விலக்கி என்னவோ சொல்ல வந்தார். தனிஸ்லாஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, எண் எண்பத்தெட்டுக்கு இறங்கியதைப் பார்த்துக்கொண்டே, "பேசாதீங்கப்பா, நம்பர் இறங்குது" என்றான். அப்பா பேசவில்லை. அதற்கப்புறம் பேசவே இல்லை. என்ன சொல்ல வந்திருப்பார், தண்ணி கேட்டாரோ, அம்மாவைக் கூப்பிட்டாரோ, போர்வையைச் சரி செய் என்றாரோ, ஒன்பது வருஷமாகியும் அந்த இடம் வந்தால் வெட்கமாக இருக்கிறது. அந்த மூன்று நாளில் அப்பாவின் முகம் எப்படியிருந்தது என்று அவனைக் கேட்டால் தெரியாது. இப்போது பின்கட்டடத்தில் ஒன்பது நர்சுகள் ஒன்பது முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அது நல்லதுதானே, ஒரு நாளைக்காவது திரையை விட்டுவிட்டு முகத்தைப் பார்க்கட்டும், என்று நினைத்தவன் தன் மனசே தனக்குச் சாக்கு தயாரித்துக் கொடுப்பதைக் கண்டு அருவருத்துப்போனான்.

இரண்டு நாற்பத்து நாலுக்கு இன்டர்காம் அடித்தது. காற்றாடிகளின் ஊளைக்கு நடுவிலும் அது தெளிவாகக் கேட்டது, எடுக்க இரண்டே எட்டுதான், கால் எழவில்லை. எடுத்தால், ஆச்சா சார் என்று கேட்பார், வாய் பக்கா என்று சொல்லிவிடும், அவனைக் கேட்காமலே சொல்லிவிடும். எடுக்காவிட்டால் வேலையில் இருக்கிறான் என்று நினைத்துக்கொள்வார். அல்லது எல்லாம் முடித்துச் சாப்பிடப் போய்விட்டான் என்று நினைத்துக்கொள்வார், நினைத்து அந்த நான்கு பெண்களையும் அனுப்பிவிடுவார். எடுக்க வேண்டும். ஆறாவது மணியோடு அது நின்றது. நின்றதும் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அந்த நிம்மதியை அவன் சாகும்வரை மறக்கக் கூடாது, அவ்வளவு இனிமையாக, அவ்வளவு கேவலமாக இருந்தது அது. பிறகு மனசு மெதுவாகத் தயாரிக்க ஆரம்பித்தது. மாட்யூல் கம்பெனி தப்பாக அனுப்பிவிட்டது என்று சொல்லலாம். நோட்டில் எழுதியதை டைப் அடித்தவன் மாற்றிவிட்டான் என்று சொல்லலாம். நோட்டு அலமாரியில்தான் இருக்கிறது, மேற்படியை அடித்துவிட்டு வேறு எழுதினால் யார் கேட்பது? பேனா சட்டைப் பையில் இருக்கிறது, அதே நீல மை. மேனேஜர் வரதராஜன் கும்பகோணத்தில் கல்யாணச் சாப்பாட்டில் இருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவார். விளக்கு மட்டும் வந்துவிட்டால் ஒன்றுமே சொல்ல வேண்டியதில்லை, நடக்காத ஒன்றை யாரும் விசாரிக்க மாட்டார்கள். மாதாவே வரட்டும், மாதாவே வரட்டும் என்று உதடு முணுமுணுத்தது, வந்தால் என்ன செய்வதாக வேண்டிக்கொள்வது என்று யோசித்தான், ஒன்றும் தோன்றவில்லை. நிக்கும்னு கேரண்டி தர முடியாது சார். அந்தப் பையனின் குரலை எங்கே தள்ளினாலும் பந்துபோல மிதந்து மேலே வந்தது. வந்துவிட்டு, நான்கு பேரும் பஸ் ஏறின பிறகு தூக்கிப் போட்டுவிட்டால்? திரையில் கடைசியாகத் தெரிந்த எண்கள் அப்படியே உறைந்து நின்றுவிட்டால்? உள்ளே ஒருவருக்கு இறங்கிக்கொண்டிருக்க வெளியே திரையில் தொண்ணூற்று எட்டு என்று சிரித்துக்கொண்டிருந்தால்?

இரண்டு நாற்பத்தொன்பது. முதல் பச்சை வந்தது. இரண்டாவது. மூன்றாவது வரக் கொஞ்சம் யோசித்துவிட்டு வந்தது. நான்காவது ஆரஞ்சு. அவன் குனிந்து, மூக்கு இடிக்கும் தூரத்தில் அதையே பார்த்தான். ஆரஞ்சு, ஆரஞ்சு, அணைந்தது, பச்சை. பச்சையேதான். இரண்டு கண்ணாலும் பார்த்தான். காற்றாடிகள் ஊளையை நிறுத்திக்கொண்டு மெல்ல முனகத் தொடங்கின, திடீர் அமைதியில் காது அடைத்தது, அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரிப்பு வந்தது. இன்டர்காம் மறுபடி அடித்தது, இப்போது எடுக்கலாம், இப்போது யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். "தனிஸ்லாஸ் சார், வந்துடுச்சு!" என்றார் திலகவதி சிஸ்டர், குரலில் களைப்பும் சந்தோஷமும். "ஒம்போதும் தெரியுது. நல்லவேளை, பத்து நிமிஷம் முன்னாடியே முடிச்சிட்டீங்க. புள்ளைங்க காலைல ஆறு மணிக்கு வந்ததுங்க, ஒருத்தி இன்னும் சாப்பிடல. அனுப்பிடட்டுமா?" பச்சை விளக்கு அவனுக்கு நேரே எரிந்துகொண்டிருந்தது. ஒரு சொல்தான், அனுப்பிடுங்க. அது நாக்கின் நுனிவரைக்கும் வந்துவிட்டது, அதன் உப்பைக்கூட அவன் உணர்ந்தான்.

"அனுப்பாதீங்க" என்றான். யாரோ சொன்னதுபோல இருந்தது. "என்ன சார்? எல்லாம் தெரியுதே." "தெரியுது சிஸ்டர். ஆனா நிக்குமான்னு எனக்குத் தெரியல." அவன் பற்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன, தாடையைக் கையால் பிடித்துக்கொண்டான். "உங்க கேபிளோட மாட்யூல நான் பாக்கவே இல்ல. கணக்கெடுத்தப்ப உருவப் பயந்துக்கிட்டு, மத்தது மாதிரிதான் இருக்கும்னு பாக்காமலே எழுதிட்டேன். அது வேற மாதிரி. இப்ப ஓடுறது ஒட்டுப்போட்ட மாதிரி ஓடுது, எப்ப வேணா போயிடும். என் தப்புதான் சிஸ்டர், கம்பெனி தப்பு இல்ல." சொல்லி முடித்ததும் லேசாகும் என்று நினைத்திருந்தான், ஆகவில்லை, வேலை போகும் என்ற பயம் வந்து பழைய பயத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தது. ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு சிஸ்டர் பேசுவது அமுங்கலாகக் கேட்டது. "பைய கீழ வைங்கடி. யாரும் போகல. அவங்கவங்க படுக்கைக்குப் போங்க, கதவ தொறந்தே வைங்க. பஸ்ஸ அப்புறம் பாத்துக்கலாம்." பெண்கள் ஏதோ முணுமுணுத்தார்கள், ஒரு நாற்காலி இழுபட்டது, செருப்புகள் நகர்ந்தன. அவன் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். சிஸ்டர் மறுபடி வந்து, "இதக் காலைலயே சொல்லியிருந்தா நான் வேற ஆளு கேட்டிருப்பேன்ல?" என்றார். "ஆமா சிஸ்டர்" என்றான். அவன் ஆமா என்று சொல்லும்போதே நான்காவது விளக்கு ஆரஞ்சுக்குப் போய், சிமிட்டி, அணைந்தது. மறுபடி வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

"திரை போயிடுச்சு" என்றார் சிஸ்டர், கொஞ்சமும் பதறாமல். பிறகு குரலை உயர்த்தினார், ரிசீவரை மூடவில்லை, எல்லாம் அவன் காதுக்கே வந்தது. "ஒண்ணாம் படுக்கை?" "இருக்கேன் சிஸ்டர், தொண்ணூத்தாறு." "ரெண்டு?" "இருக்கேன், தூங்குறாங்க." "மூணு?" "பாத்துட்டிருக்கேன் சிஸ்டர்." "நாலு?" பதில் வரவில்லை. "நாலு யாருடி?" "இருக்கேன் சிஸ்டர், தண்ணி கேட்டார், குடுத்துட்டிருந்தேன்." ஐந்து, ஆறு, ஏழு, ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் வந்தது, ஒன்று கரகரப்பாக, ஒன்று கொட்டாவியோடு, எட்டு, ஒன்பது. "சரி, சொல்லுங்க சார்" என்றார் சிஸ்டர், "பழையபடி ஆக எவ்வளவு நேரம்?" "பழைய ஸ்விட்சையே மாட்டப்போறேன். நாப்பது நிமிஷம்" என்றவன், தரையில் கிடந்த அந்தக் கனத்த பெட்டியையும் நடுங்குகிற தன் கையையும் பார்த்தான். "இல்ல சிஸ்டர், ஒரு மணி நேரம் ஆகும்" என்றான்.